எண் காட்டாத அழைப்பு

காவல் துறைத் தலைமை அலுவலகத்தில் அவருக்கு லைனக்கா என்று பெயர். இருபத்தொன்பது வருடமாக அங்கே தொலைபேசி ஆபரேட்டர். நாளொன்றுக்கு முந்நூறு தடவையாவது “லைன்ல இருங்க” என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லே பெயராகிவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அதிகாரிகள் கோபத்தில் “ஆபரேட்டர்” என்பார்கள். காரியம் ஆக வேண்டுமென்றால் அவர்களும் “அக்கா” என்பார்கள்.

அவர் போலீஸ் இல்லை. சீருடை கிடையாது, யாரையும் பிடிக்கும் அதிகாரம் கிடையாது. அவருடைய அறை தரைத் தளத்தில் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு பக்கம் கூரை சாய்ந்து இறங்கும். உயரமானவர்கள் உள்ளே வந்தால் தலையைத் தேய்த்துக்கொண்டுதான் வெளியே போவார்கள். ஒரே ஜன்னல். அதன் வழியே வண்டி நிறுத்துமிடம் தெரியும், அதிலும் சக்கரங்கள் மட்டும். எந்த அதிகாரி வந்துவிட்டார், எவர் இன்னும் வரவில்லை என்பதை டயரைப் பார்த்தே சொல்வார்.

கட்டிடத்துக்குள் அறுபது மேசைகளில் அறுபது தொலைபேசிகள். வெளியே இருப்பவர்களுக்கு ஒரே எண். எந்த மேசையிலிருந்து யார் பேசினாலும் எடுப்பவரின் போனில் அந்தப் பொது எண்தான் தெரியும். தவறவிட்டவர்கள் திரும்ப அழைத்தால் அது லைனக்காவிடம் வந்து நிற்கும். “உங்க ஆபீஸ்லேர்ந்து யாரோ கூப்பிட்டாங்க” என்பார்கள். போலீஸ் கூப்பிட்டிருக்கிறது, எந்தப் போலீஸ் என்றும் தெரியாது, எதற்கென்றும் தெரியாது என்கிற மனிதரின் குரல் எப்படி இருக்கும் என்பது அவருக்குப் பழக்கம். அவர்களை நெடுநேரம் தவிக்க விடமாட்டார்.

“ஆம்பளைக் குரலா?”

“ஆமாங்க.”

“மூக்கடைச்ச மாதிரி இருந்துச்சா? வார்த்தைக்கு வார்த்தை ‘அதாவது’ போட்டாரா?”

“ஆமாங்க, போட்டார்.”

“அப்ப திருட்டுப் பிரிவு, மூணாவது மேசை. உங்க சைக்கிள் கிடைச்சிருக்கும். லைன்ல இருங்க.”

இந்த ஊகம் எப்போதும் பலிக்காது என்பதால் அவராகவே ஒரு வழக்கத்தையும் உண்டாக்கியிருந்தார். வெளியாள் ஒருவரை அழைக்கும் முன் எந்த மேசையும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்: யாருக்கு, எதற்கு. அதை ஒரு சிலேட்டில் சாக்பீஸால் எழுதிக்கொள்வார். திரும்ப அழைத்து “நெஜமாவே நீங்கதானா?” என்று கேட்பவருக்கு சிலேட்டைப் பார்த்து “ஆமா, எங்க ஆளுதான்” என்று சொல்ல முடிந்தது. புதிதாக வந்த அதிகாரிகள் முனகுவார்கள். ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள்.

அவரைப் பெரிதாகப் புகழ எனக்குத் தோன்றியதில்லை. வேலையைச் சரியாகச் செய்தார், அவ்வளவுதான். ஆனால் ஒரு வேலையைச் சரியாகச் செய்வது என்றால் என்ன என்பது நாம் நினைக்கிற அளவுக்குத் தெளிவான விஷயம் இல்லை.

இரண்டு வருடம் முன்பு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அலுவலக வாசலில் வந்து நின்றார். போலீஸ் அழைத்ததாகவும், தன் வங்கிக் கணக்கு ஒரு வழக்கில் சிக்கியிருப்பதாகச் சொன்னதாகவும், அவர்கள் கேட்டதையெல்லாம் சொல்லிவிட்டதாகவும் அழுதார். போனை நீட்டினார். அதில் இருந்தது அலுவலகத்தின் பொது எண்ணேதான். சிலேட்டில் அவர் பெயர் இல்லை. அறுபது மேசைகளில் எதுவும் அவரை அழைக்கவில்லை. அந்த மாதத்தில் அவரைப் போல மேலும் பதினோரு பேர் வந்தார்கள்.

தொலைபேசிக் கம்பெனியிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்து விளக்கினார். போனில் தெரிகிற எண் லைனிலிருந்து தானாக முளைப்பதில்லை. அழைக்கிற பக்கத்தில் இருக்கும் கருவி ஒரு எண்ணைச் சொல்கிறது. வழியில் இருக்கும் எல்லாக் கருவிகளும் அதை அப்படியே கைமாற்றிக் கொடுக்கின்றன. கடைசியில் நம் போன் காட்டுகிறது. தபால் உறையின் மேல் அனுப்புநர் முகவரி எழுதுவது மாதிரி என்றார். தபால்காரர் கடிதத்தைச் சேர்ப்பாரே தவிர அந்த முகவரியில் ஆள் இருக்கிறாரா என்று போய்ப் பார்ப்பதில்லை.

“அப்ப எங்க நம்பரை யார் வேணா எழுதிக்கலாமா?” என்று லைனக்கா கேட்டார்.

“எழுதறாங்களே” என்றார் டெக்னீஷியன்.

மேல் மாடியில் கூட்டம் போட்டார்கள். லைனக்காவைக் கதவோரமாக நிற்கவைத்து, கேட்டால் மட்டும் பேசச் சொன்னார்கள். கேட்காமலே அவர் ஒன்று சொன்னார். நம்ம எண்ணை நாமே காட்டாமல் மறைத்துவிட்டால், அதன்பிறகு அதைக் காட்டிக்கொண்டு வருகிறவன் எவனும் திருடன்தானே என்றார். பெரிய அதிகாரி மேசையைத் தட்டிச் சிரித்தார். அந்த வாரமே அலுவலகத்திலிருந்து போகும் எல்லா அழைப்புகளிலும் எண் மறைக்கப்பட்டது. காவலர்கள் தங்கள் சொந்த போனிலிருந்து பொதுமக்களை அழைக்கக் கூடாது என்றும் உத்தரவு வந்தது.

யோசனை புத்திசாலித்தனமானது. அதில் ஒரு குறை உண்டு என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது: எண் தெரியாத அழைப்பும் பயமுறுத்தும், அதையும் எவனும் செய்யலாம். அதனால் இரண்டாவது பாதி ஒன்றைச் சேர்த்தார்கள். போலீஸ் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். போனை வையுங்கள். எங்கள் பொது எண்ணை நீங்களே அழுத்தி எங்களைக் கூப்பிடுங்கள். உண்மை என்றால் நாங்களே சொல்வோம்.

இதை ஊரெல்லாம் போய்ச் சொல்லும் வேலையும் லைனக்காவுக்கே வந்தது. குடியிருப்புச் சங்கங்கள், பள்ளிக்கூடங்கள், தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடங்கள் என்று மாதத்துக்கு நான்கு இடம். குரல் நன்றாக இருந்ததால் ஜனங்கள் கேட்டார்கள். “உங்க வீட்டுக்காரருக்கு விபத்துன்னு சொல்லுவான். பையனைப் பிடிச்சு வெச்சிருக்கோம்னு சொல்லுவான். எவ்வளவு பதட்டமான விஷயமோ அவ்வளவு சீக்கிரம் வையுங்க. கை நடுங்கும், நடுங்கட்டும், வெச்சுட்டு எங்களைக் கூப்பிடுங்க” என்பார். வீட்டில் அவருடைய கணவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், “முப்பது வருஷமா எடுங்க எடுங்கன்னு கெஞ்சினவ, இப்ப வையுங்க வையுங்கன்னு ஊர் சுத்தறா” என்று கேலி செய்வார்.

எல்லாப் பாரமும் அந்த ஒரு எண்ணின் மேல் வந்து உட்கார்ந்தது. அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை எடுக்க முன்பு இரண்டு ஆபரேட்டர்கள் இருந்தார்கள். இரண்டாமவர் அதே வருடம் ஓய்வு பெற்றார். அந்த இடத்தை நிரப்பவில்லை. அவருடைய நாற்காலியில் கோப்புகள் ஏறின. லைனக்கா ஹெட்செட்டில் பேசிக்கொண்டிருந்தாலோ யாருக்காவது எண் அழுத்திக்கொண்டிருந்தாலோ, வெளியிலிருந்து கூப்பிடுகிறவருக்கு எங்கேஜ்ட் ஒலிதான் கேட்கும். அதைப் பற்றி யாரும் புகார் செய்யவில்லை. எங்கேஜ்ட் கிடைத்தவர்கள் கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டார்கள், கிடைத்தது.

அந்த நாள் பிற்பகல் இரண்டு இருபதுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து விசாரணை அதிகாரி லைனில் வந்தார். ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் மூன்று மாடி விழுந்துவிட்டார். நினைவு இருக்கிறது, பேசுகிறார். மூன்று மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள். அதன்பிறகு எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள் டாக்டர்கள். மெக்கானிக்கின் போன் விழுந்து நொறுங்கிவிட்டது. சட்டைப் பையில் ஒரு அட்டை, அதில் ‘மனைவி’ என்று எழுதி ஒரு எண். வேறு விவரம் இல்லை. எங்கே வேலை செய்கிறாள் என்று கேட்டால் அவர் மூச்சுக்குத் திணறுகிறார். “‘வந்தாச்சா’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கார் அக்கா. வந்துக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். சீக்கிரம் பிடிங்க.”

லைனக்கா சிலேட்டில் எழுதினார். எண்ணை அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“அம்மா, போலீஸ் தலைமை ஆபீஸ்லேர்ந்து பேசறேன். உங்க வீட்டுக்காரருக்கு ஒரு விபத்து—”

லைன் அறுந்தது.

அவர் உடனே மறுபடி அழுத்தினார். எங்கேஜ்ட். அந்த ஒலி தானாக நிற்கும்வரை லைனைப் பிடித்திருந்து, பத்து விநாடி விட்டு மறுபடி. எங்கேஜ்ட். யாரிடமோ பேசுகிறாள் என்று நினைத்தார். இத்தனை வருடமாக அவர் கற்ற தொழில் விடாமல் கூப்பிடுவதுதான். கிடைக்கும்வரை விடமாட்டார் என்பதுதான் கட்டிடத்தில் அவருக்கு இருந்த மரியாதை. அன்றைக்கும் விடவில்லை. நடுவே ஒரு முறை ஆஸ்பத்திரி அதிகாரி வயர்லெஸ்ஸில் கேட்டார். “லைன் பிஸி, விடாம போட்டுக்கிட்டு இருக்கேன்” என்று பதில் போயிற்று. பதினான்கு தடவை. இரண்டு நாற்பத்து மூன்றுக்கு, நெட்டை என்று பெயர் வாங்கிய காவலர் குனிந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார். “என்னக்கா, உங்களைப் பிடிக்கவே முடியலையாம்? இருபது நிமிஷமா எங்கேஜ்டுன்னு என் வீட்ல திட்டறாங்க” என்றார்.

லைனக்காவின் விரல் எண் பலகையின் மேல் இருந்தது. அப்படியே நின்றது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நெட்டை ஏதோ சொல்ல வந்தார்; பேசாதே என்று லைனக்கா சைகை செய்தார். ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. பலகையில் விளக்கு எரிந்தது.

“போலீஸ் ஆபீஸுங்களா?” மூச்சு வாங்கியது. “எனக்கு ஒரு போன் வந்துச்சு. நம்பர் இல்லாம. என் வீட்டுக்காரருக்கு விபத்துன்னு. நெஜமான்னு கேக்கணும்.”

“நெஜம்தாம்மா” என்றார் லைனக்கா. ஆஸ்பத்திரியின் பெயரையும் வாசலையும் சொன்னார்.

அவள் பல்புகளைப் பெட்டியில் அடைக்கும் ஒரு கூடத்தில் வேலை செய்தாள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இருபத்தெட்டு நிமிடம். மூன்று பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆபரேஷன் அறையின் கதவு மூன்று மணிக்கே சாத்தியாகிவிட்டது. மெக்கானிக் உள்ளேயே, மாலை ஐந்தரைக்கு இறந்தார்.

கணக்கை லைனக்கா அன்றே போட்டுவிட்டார். இரண்டு இருபத்திரண்டுக்கு அவளோடு முழுதாகப் பேசியிருந்தால் இரண்டு ஐம்பதுக்கு வந்திருப்பாள். பத்து நிமிடம் இருந்திருக்கும். வீட்டில் அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, நீ வேண்டுமென்றா செய்தாய் என்று கண்டக்டர் கேட்டார். “வேணும்னு செஞ்சிருந்தா அதுக்குத் தண்டனைன்னு ஒண்ணு இருக்கும்” என்றார் லைனக்கா.

ஆறாம் நாள் மெக்கானிக்கின் மனைவி அலுவலகத்துக்கு வந்தாள். ஆபரேட்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, மாடிப்படிக்கு அடியில் வந்து நின்றாள். முப்பத்தெட்டு, நாற்பது வயதிருக்கும். விரல் நுனிகளில் அட்டை அறுத்த கோடுகள். லைனக்கா கோப்புகளைக் கீழே இறக்கி வைத்து அந்த நாற்காலியைக் கொடுத்தார். குரலைக் கேட்டதும் அவள், “நீங்கதானே எங்க சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து பேசினீங்க” என்றாள்.

ஆமாம் என்றார்.

திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று லைனக்கா நினைத்திருந்தார். அதற்குத் தயாராகவும் இருந்தார். அவள் திட்டவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. தன் போனைத் திறந்து காட்டினாள். அந்த இருபத்தொரு நிமிடத்தில் இந்த அலுவலக எண்ணுக்கு அவள் ஒன்பது முறை அழைத்திருந்தாள். கிடைத்தது ஒன்பதாவது. லைனக்கா எண்ணை அழுத்தும் நேரமெல்லாம் அவளும் அழுத்திக்கொண்டிருந்தாள். இவர் காத்திருந்த பத்து விநாடியில்தான் அவளும் காத்திருந்தாள். ஒருவர் இன்னொருவரின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

“எங்க வீட்ல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க” என்றாள். “புருஷன் சாகக் கிடக்கான்னு சொன்னதுக்கே போனை வெச்சவள்னு அவர் அண்ணன் சொல்றார். வெச்சேன், அது நெஜம். உடனே உங்களைக் கூப்பிட்டேனேன்னு லிஸ்டைக் காட்டினேன். ‘போன்ல எந்த நம்பரை வேணா காட்டலாம்னு அன்னிக்கு நீதானே வீட்ல வந்து பாடம் எடுத்தே’ன்னு கேக்கறார்.”

லைனக்கா அந்த லிஸ்டை மேலிருந்து கீழே மறுபடி எண்ணினார்.

“அவர் பேசினா பேசிட்டுப் போகட்டும். பொண்ணு கேட்டுக்கிட்டு இருந்தா. பதினாலு வயசு. ஆறு நாளா என் முகத்தைப் பார்க்கலை, பேசலை. நான் வெச்ச சாப்பாட்டைத் தொடலை, பெரியம்மா குடுத்தாத்தான் சாப்பிடறா. நீங்க ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. நான் கூப்பிட்டேன், கிடைக்கலைன்னு. முத்திரை போட்டு. அது போதும்.”

லைனக்கா அவளை உட்காரவைத்துவிட்டுக் கண்காணிப்பாளரிடம் போனார். கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டார், ச்சே என்று நெற்றியைத் தடவினார். பிறகு, எழுத்தில் வேண்டாம் என்றார். எழுதினால் அலுவலகமே தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி, நாளைக்கு அது வக்கீல் கையில் இருக்கும்.

“அந்தப் பொண்ணு வக்கீலைத் தேடி வரலை சார். மகள்கிட்ட காட்ட ஒரு தாள் கேக்குது.”

“புரியுதுக்கா. போன்ல பேசிச் சொல்லுங்க. அதுக்கு நான் தடை சொல்லலை. நேர்ல போறது, எழுதறது எதுவும் வேண்டாம். உங்களுக்கு இன்னும் எட்டு மாசம்தான். நல்லபடியா முடிச்சுட்டுப் போங்க.”

அவளை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, அன்று மாலையே மெக்கானிக்கின் அண்ணனை அழைத்தார். எண் தெரியாத அழைப்பு. எடுத்தார். போலீஸ் ஆபீஸ் என்ற சொல்லைக் கேட்டதும், “எண்ணை மறைச்சுக்கிட்டுப் பேசற போலீஸா? எங்க வீட்ல ஒருத்தி உங்ககிட்ட படிச்ச பாடமே போதும்” என்று வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிடவில்லை. லைனக்கா கையை எடுத்துவிட்டு முழு ஒரு மணி நேரம் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தன்னை யாரென்று நிரூபிக்க முடியாதபடி தன் கையாலேயே எல்லாக் கதவையும் சாத்தியிருந்தார். சாத்தியதில் தப்பும் இல்லை. அதற்குப் பிறகு அந்த ஆசிரியரைப் போல யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை என்பதும் உண்மை. ஒரு ஏற்பாடு பலரைக் காப்பாற்றியது என்பதால் அது ஒருத்தியை நசுக்கியது பொய்யாகிவிடாது. இதை நான் பலவிதமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறேன். விடை வந்ததில்லை. லைனக்கா கூட்டிப் பார்க்கவில்லை. வார விடுமுறை நாளில், கண்டக்டரிடம் மட்டும் சொல்லிவிட்டு, பஸ் ஏறினார்.

மெக்கானிக்கின் வீடும் அவர் அண்ணனின் வீடும் ஒன்றே. ஒரு டயர்க் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. கடை அண்ணனுடையது. படியெல்லாம் ரப்பர் வாசனை. கதவைத் திறந்தவர் அண்ணன்தான். விரல் இடுக்குகளில் கறுப்பு ஏறிய கைகள். சவரம் செய்யாத முகம். தம்பியை வளர்த்தது அவர். லிஃப்ட் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் அவர். இது லைனக்காவுக்கு அப்போது தெரியாது. ஆனால் யாரையாவது குற்றம் சொல்லாவிட்டால் நிற்க முடியாத ஒரு மனிதர் என்பது கதவைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

அடையாள அட்டையைக் காட்டினார். அதைப் பார்க்காமலே, “இதை எந்தக் கடையில வேணா அடிச்சுக் குடுக்கறான்” என்றார் அண்ணன்.

“சரிதான். நம்பாதீங்க. ஆபீஸ் எண்ணுக்கு நீங்களே போட்டுக் கேளுங்க.”

அவர் கேட்டார், ஸ்பீக்கரில் போட்டு. லைனக்காவின் விடுமுறை நாளில் அந்த மேசையில் நெட்டைதான் உட்காருவார். “யாரு, எங்க லைனக்காவா? அங்கயா இருக்காங்க? லீவு நாள்லகூட அந்த அம்மாவுக்கு லைனை விட்டு இறங்கத் தெரியாது” என்றது குரல். பிறகு கொஞ்சம் தணிந்து, “எங்க ஆளுதாங்க. உள்ள கூப்பிட்டு உட்கார வைங்க” என்றது. இப்படியாக அவர் அங்கே போனது அலுவலகத்துக்கும் தெரிந்துபோயிற்று. விளக்கம் கேட்டு மறுவாரமே மெமோ வந்தது, ஒரு வருட ஊதிய உயர்வு நின்றது. அதற்கு அவர் எழுதிய விளக்கம் ஒரே வரி: சொன்னதைக் கேட்கவில்லை, போனேன்.

உள்ளே ஒரு நீளமான அறை. சுவரோரம் மர பெஞ்சு. பெஞ்சின் ஓரத்தில் மெக்கானிக்கின் மகள் பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா அவள் பக்கத்தில். அம்மாக்காரி சமையலறை வாசலில் நின்றாள். லைனக்காவைப் பார்த்ததும் ஈரக் கையைத் துடைத்தாள்.

லைனக்கா அண்ணனைப் பார்த்துத்தான் பேசினார். நடந்ததை நேரத்தோடு சொன்னார். “உங்க தம்பி சம்சாரம் போனை வெச்சாங்க. வைக்கச் சொன்னது நான். விபத்துன்னு சொன்னா இன்னும் சீக்கிரம் வையுங்கன்னு, அவங்க வேலை செய்யற இடத்துலயே வந்து, மைக்குல சொன்னேன். வெச்ச உடனே எங்களைக் கூப்பிட்டாங்க. ஒன்பது தடவை. கிடைக்கலை. ஏன்னா நான் பதினாலு தடவை அவங்களைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு தடவை நான் கையை எடுத்திருந்தா கிடைச்சிருக்கும். எடுக்கத் தோணலை.”

“ரெண்டு பேர் உட்கார வேண்டிய இடம்னு சொன்னாங்களே” என்றார் பெரியம்மா மெதுவாக. அதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வீட்டில் இந்தப் பேச்சு முன்பே ஓடியிருக்க வேண்டும்.

“ஆமா. அதுவும் உண்டு. அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்க நான் வரலை.”

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டது அந்தப் பெண்தான்.

“அப்பா பேசினாரா?”

“என்கிட்ட இல்லம்மா. பக்கத்துல இருந்த போலீஸ்காரர்கிட்ட பேசினார். அம்மா வந்தாச்சான்னு கேட்டிருக்கார்.”

“அவர் என்ன சொன்னார்?”

“வந்துக்கிட்டு இருக்காங்கன்னு.”

அவள் பையின் வாரை விரலில் சுற்றினாள், விட்டாள். “அப்ப அம்மா வந்துக்கிட்டு இருந்தாங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். பெரியம்மா கண்ணாலேயே கேட்டுக்கொண்டார். அப்படிச் சொல்லியிருந்தால் அந்த நேரத்துக்கு நன்றாகக்கூட இருந்திருக்கும். லைனக்கா இல்லை என்று தலையசைத்தார்.

“வந்துக்கிட்டு இல்ல. அந்த நேரம் உங்கம்மா என்னைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க.”

கீழே கடையில் யாரோ டயருக்குக் காற்று அடித்தார்கள். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் சமையலறைப் பக்கம் திருப்பினாள்.

“எங்க நின்னுக்கிட்டு கூப்பிட்டே?” என்றாள்.

ஒன்பது நாளில் அம்மாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“வாசல் கேட் பக்கத்துல” என்றாள் அம்மாக்காரி. “உள்ள சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். காலிப் பெட்டி அடுக்கி வெச்சிருப்பாங்க, அது மேல ஏறி நின்னேன். அங்கதான் நல்லா கிடைக்கும்.”

“மேஸ்திரி விட்டாரா?”

“திட்டினார். நான் இறங்கலை.”

“வாச்மேன்கிட்ட அவர் போனைக் கேட்டிருக்கலாமே” என்றார் அண்ணன். குற்றம் சாட்டும் குரலாக இல்லை. அங்கே இருந்திருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்று தேடுகிற குரல்.

“கேட்டேன். அதுலயும் எங்கேஜ்டுதான்.”

அவர் தலையை ஆட்டினார்.

லைனக்கா எழுந்தார். யாரும் கவனிக்கவில்லை, வழியனுப்பவும் இல்லை. கதவருகே செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் அடுத்ததைக் கேட்டாள், அன்றைக்கு அங்கே மழை பெய்ததா என்று. லேசாகத் தூறியது, போன் நனையாமல் இருக்க முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பேசினேன் என்று அவள் அம்மா சொன்னாள். சொல்லிக்கொண்டே வாசலை விட்டு இரண்டு அடி உள்ளே வந்தாள். பெரியம்மா பெஞ்சிலிருந்து எழுந்து, டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் போனார்.